சத்து மாத்திரை

1

எங்கள் இல்லத்தில் இந்த வருஷமும் மணி அடித்தார்கள்.

இல்லம் என்றால் என் வீடு இல்லை. நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லம். ஜெர்மனியில் ஒரு ஆற்றங்கரை ஊரில் இருக்கிறது. கொரோனாவில் அங்கே செத்துப்போனவர்களுக்காக வருஷத்தில் ஒரு நாள் எல்லோரும் தோட்டத்தில் கூடுவார்கள். பெயர்களை வாசிப்பார்கள், பெயருக்கு ஒரு மணி அடிப்பார்கள். பிறகு காபியும் ஆப்பிள் கேக்கும். எங்கள் நிர்வாகி அம்மாவுக்கு இந்த விழாவில் ஒரே ஒரு குறை, அதில் வெளிநாட்டு வாசனை போதவில்லை. அதனால் இந்த முறை முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டு, "உங்கள் நாட்டு வழக்கப்படி" ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். ஒரு விளக்கு, ஒரு பாட்டு, முடிந்தால் சேலை.

எங்கள் நாட்டு வழக்கப்படி என்றால் மேளம் அடித்து, வெடி போட்டு, தெருவை மறித்து, ரெண்டு பேராவது குடித்துவிட்டு ஆட வேண்டும். அன்றைக்கு எனக்கு டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கொரோனா நாட்களில் இந்த ஊர்க்காரர்கள் சாயங்காலம் ஆனால் பால்கனியில் நின்று எங்களுக்காகக் கை தட்டினார்கள். நான் டியூட்டி முடிந்து நடந்து வரும்போது என் தலைக்கு மேலே கை தட்டல் கேட்கும். அதே பால்கனிக்காரர்கள் மறுநாள் கடையில் என்னைப் பார்த்து ரெண்டு அடி தள்ளி நின்றார்கள், நான் நோயாளிகளோடு புழங்குகிறவளாம். தட்டின கையைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்களோ தெரியாது.

பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே புல்லில் நிற்பார்கள், உள்ளே அப்பாவோ அம்மாவோ மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில், பிளாஸ்டிக் அங்கிக்குள் வேர்த்து வழிய, ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவரும் வலியில் கத்திக்கொண்டு சாகவில்லை. மார்ஃபின் அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. வேளை தவறாமல் கொடுத்தோம். மாத்திரை என்றால் விழுங்கும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும், பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கிழங்கள் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, நாம் நகர்ந்ததும் துப்பிவிடும். நாக்குக்கு அடியில் பார்க்காமல் நான் எந்த அறையை விட்டும் வெளியே வந்ததில்லை.

அதே மாதங்களில் எங்கள் ஊர் நெம்மேலியில் என் அப்பா, எங்களுக்கு நைனா, கத்திக்கொண்டு செத்தார். அவர் பெயருக்கு யாரும் மணி அடிக்கவில்லை.

2

கேக் வெட்டும் நேரத்துக்கு நானும் தோட்டத்துக்கு இறங்கியிருந்தேன், அப்போது தம்பி டேவிட் ஃபோனில் கூப்பிட்டான். அவன் மறைமலை நகரில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறான். நெம்மேலி வீட்டில் அம்மாவோடு இருக்கிறான். ஞாயிறு தவிர வேறு நாளில் கூப்பிடுகிறவன் இல்லை.

அம்மாவுக்கு வயிற்றில் கேன்சர். கண்டுபிடித்தபோதே ஈரல் வரை போயிருந்தது. அறுக்க முடியாது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை டேவிட் எனக்குச் சொன்னான், மாமாவுக்குச் சொன்னான், சபைப் பாஸ்டருக்குச் சொன்னான். அம்மாவுக்கு மட்டும் அல்சர் என்று சொன்னான். செங்கல்பட்டில் இருக்கும் ஒரு வலி நிவாரண மையத்திலிருந்து வாரம் ஒரு தடவை வண்டியில் ஒரு சிஸ்டர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். அவர் கொடுத்துப் போகும் மார்ஃபினுக்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர் சத்து மாத்திரை.

"அக்கா, அம்மா மாத்திர போட மாட்டேங்குது" என்றான் டேவிட். "அரிசி டிரம்முக்குப் பின்னால போட்டு வெச்சிருக்குது. பெருக்கும்போது பாத்தேன். வலியில சுருண்டுக்குது, கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. சிஸ்டர் வர இன்னும் நாலு நாள் இருக்குது. நீ நர்ஸு, நீ சொன்னா கேக்கும். அல்சர் மாத்திரதான், நானும் இதான் எல்லாருக்கும் குடுக்குறேன்னு ஒரு வார்த்த சொல்லு."

கையில் கேக் தட்டு. சுற்றிலும் கறுப்புக் கோட்டு போட்டவர்கள். நான் தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைப் புத்தகத்தில் அச்சடிக்க முடியாது. நிர்வாகி அம்மா என் பக்கம் திரும்பி, கண்களில் அத்தனை அனுதாபத்தோடு, என் தோளைத் தொட்டார். துக்கம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. அன்றைய நிகழ்ச்சியில் என் நாட்டு வழக்கப்படி நடந்தது அது ஒன்றுதான்.

3

அந்த சத்து மாத்திரையின் கதையைச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது.

நைனாவுக்கு முதலில் முதுகு வலி. மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேனாக இருந்தார். அதற்கு முன்னால் அவரும் அவர் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி. நின்று நின்று வந்த வலி என்று தைலம் தேய்த்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் கேன்சர், முதுகெலும்பில் இறங்கியிருந்தது. அவருக்குச் சொன்னது எலும்புத் தேய்மானம். தேய்மானத்துக்குச் சத்து மாத்திரை கொடுப்பார்கள் இல்லையா, பொய் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது.

எங்கள் பக்கத்தில் இது பொய் என்றே கணக்கில் வராது. வீட்டுக்குள்ளே நோயாளி படுத்திருப்பார். டாக்டரோ சிஸ்டரோ வந்தால் கட்டில் பக்கத்தில் நின்று "ஒண்ணுமில்ல, சரியாப்பூடும்" என்பார்கள். பிறகு வீட்டுக்காரர்கள் அவரை வழியனுப்புகிற சாக்கில் வாசல் கேட்டு வரைக்கும் நடப்பார்கள். உண்மை அங்கேதான் பேசப்படும். எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு பரவியிருக்கிறது, எல்லாம் கேட்டுக்கு வெளியே, குரலைத் தாழ்த்தி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், எதிரே மீன் கூடையோடு போகிறவளுக்குத் தெரியும். படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது. செத்துக்கொண்டிருப்பது அவர்தான், ஆனால் சம்பந்தப்பட்டவர் பட்டியலில் அவர் இல்லை.

அப்போது அதே செங்கல்பட்டு மையத்திலிருந்து வந்த சிஸ்டர் கேட்டில் வைத்து அம்மாவிடமும் டேவிட்டிடமும் சொல்லிப் பார்த்தாராம். அவருக்குப் பக்குவமாகச் சொல்லிவிடுவோம், நானே கூட இருந்து சொல்கிறேன் என்று. சொன்னால் அன்றைக்கே மனசு விட்டுவிடுவார் என்றாள் அம்மா. பாஸ்டர் வந்து, வாயால் அந்த வியாதியின் பெயரை அறிக்கை செய்வதே அவிசுவாசம் என்று முடித்துவைத்தார். நான் ஃபோனில் சண்டை போட்டேன். இங்கே நோயாளியிடம் மறைத்தால் டாக்டர்தான் குற்றவாளி என்றேன். மாமா ஃபோனை வாங்கி, "நீ அங்கேந்து சட்டம் பேசாத. பாக்குறது நாங்க" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. தூரத்தில் இருக்கிறவளுக்குக் கோபம் இலவசம், ஓட்டு கிடையாது.

என்றாலும் மாத்திரை வேலை செய்தது. வாரா வாரம் சிஸ்டர் வந்து, மாத்திரைப் பட்டையில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, எங்கே வலிக்கிறது, எத்தனை மணிக்கு வலிக்கிறது என்று கேட்டு அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். நைனா எழுந்து உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டார். வாசலில் நாற்காலி போட்டு ஈசிஆர் ரோட்டில் போகிற கார்களுக்குப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார். வீடியோவில் என் மகள் ரூத்தைப் பார்த்து, "இன்னா மேடம், நம்ம பாஷ மறந்துட்டியா" என்று கிண்டல் பண்ணினார். எனக்கே, சரி, பொய்யோ மெய்யோ, மனுஷன் நிம்மதியாக இருக்கிறாரே என்று தோன்ற ஆரம்பித்த நேரத்தில் கொரோனா என்று எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள்.

4

முதலில் வண்டி நின்றது. வீட்டு வீட்டுக்குப் போகிற சிஸ்டரே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எங்கள் தெருவிலும் இருந்தது. அவர் கடைசியாக வந்தபோது எதிர் வீட்டுக்காரர் வண்டியை உள்ளே விடாமல் மறித்தாராம். அதற்குப் பிறகு எல்லாம் ஃபோனில்தான். சிஸ்டர் கேட்பார், டேவிட் பதில் சொல்வான். "வலி அதிகமா கீது சிஸ்டர்." "மாத்திரை ஒழுங்கா போடறாரா?" "வேளா வேளைக்கு அம்மா குடுக்குது." சரி, அளவைக் கூட்டலாம், செங்கல்பட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்பார். மார்ஃபின் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சரக்கு இல்லை. மையத்துக்குத்தான் போக வேண்டும்.

போவதற்கு இ-பாஸ். கல்யாணத்துக்குப் பாஸ் இருந்தது. சாவுக்குப் பாஸ் இருந்தது. நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும் இருந்தது. நோயாளி வீட்டில் படுத்திருக்க, அவருடைய வலிக்கு மாத்திரை வாங்க ஒருவன் தனியாகப் போவதற்கு எந்தப் பாஸ் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. டேவிட் விண்ணப்பம் போட்டான், திரும்பி வந்தது. மறுபடி போட்டான், மறுபடி வந்தது. கடைசியில் பாஸ் இல்லாமலே பைக்கை எடுத்தான். ஏதோ ஒரு தடுப்பில் நிறுத்தி, செங்கல்பட்டுக்குப் போய் வாங்க அது என்னடா மாத்திரை, உங்கள் ஊரில் மெடிக்கல் இல்லையா என்று கேட்டு, கெண்டைக்காலில் லத்தியால் போட்டார்கள். அவன் சுற்றிக்கொண்டு வயல் வழியாகப் போய் வாங்கி வந்தான். அது வரை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் நைனாவின் வலி குறையவில்லை. அதிகமானது. நான் ஃபோன் போடும்போதெல்லாம் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். "யம்மா" என்று ஆரம்பித்து வார்த்தையே இல்லாமல் போய்விடும். வாங்கி வந்தது தீர்ந்துபோயிருக்கும், அளவு போதவில்லை, நோய் முற்றிவிட்டது என்று நானே காரணங்களைக் கோத்துக்கொண்டேன். விமானம் இல்லை. இருந்திருந்தாலும் இங்கே எனக்கு லீவு இல்லை, எங்கள் தளத்தில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். இடுப்பில் சாவியோடு அறை அறையாகப் போய், முகம் தெரியாத கிழவர்களின் நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைனாவை அடக்கம் பண்ண பத்துப் பேர் கூட வரவில்லை. கேட்டுக்கு வெளியே கிசுகிசுத்ததை மறந்து, கொரோனாவாக இருக்குமோ என்று தெரு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. கேன்சர்தான் என்று அப்போதாவது வீட்டில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் வந்திருப்பார்கள். சொல்லிப் பழக்கம் இல்லாததால் அம்மா அப்போதும் தேய்மானம் என்றே சொன்னாளாம். தேய்மானத்தில் எவன் சாவான்? ஜன்னல்கள் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் வெறுப்பதற்கு ஒரு வரிசை வைத்திருந்தேன். அந்தத் தடுப்பு, அந்த லத்தி, விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பின கம்ப்யூட்டர், வண்டியை மறித்த எதிர் வீடு, இந்த ஊர்ப் பால்கனிகள். மாத்திரை போதிய அளவு போய்ச் சேராததால் நைனா கத்தினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

5

இப்போது விமானம் ஓடுகிறது. அம்மாவுக்கு வியாதி என்று தெரிந்ததும் நான் ஏன் கிளம்பவில்லை என்று மாமா கேட்கிறார். அவருக்கு இந்த நாட்டு ஆபீஸ்களைப் பற்றித் தெரியாது. என் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்தது. பாஸ்போர்ட் மாறினால் குடியிருப்பு அட்டையும் மாற வேண்டும். பழைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புதியது வரும் வரை நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞன் புன்னகையோடு சொன்னான். அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். இறப்புச் சான்றிதழ் இருந்தால் அவசரப் பிரிவில் மனு கொடுக்கலாம் என்றான். எங்கள் ஊர் இ-பாஸுக்கும் இவனுக்கும் ஒரே பள்ளிக்கூடம் போல. செத்த பிறகுதான் கதவு திறக்கும்.

வீட்டில் ரூத் இருக்கிறாள். பதின்மூன்று வயது. நான் ஊருக்கு ஃபோன் போட்டால் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு நாள் ஜெர்மன் மொழியில் கேட்டாள், தமிழ் சண்டை போடுவதற்கு மட்டுமான பாஷையா என்று. சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழில் சாப்பாட்டின் பெயர்களும் என் வசவுகளும்தான் இருக்கின்றன. யோசித்தால் நான் அவளிடம் தமிழில் வேறு எதையும் நிதானமாகப் பேசியதில்லை. நிதானமாகப் பேசுவதற்கான மொழியை இங்கே சம்பளத்துக்குக் கற்றுக்கொண்டேன். "வலி பத்துக்கு எத்தனை?" என்று எந்தக் கிழவரிடமும் அந்த மொழியில் பூப்போலக் கேட்பேன்.

6

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் டேவிட்டைக் கூப்பிட்டேன். அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டேன், உண்மையைச் சொல்லி மாத்திரையைக் கொடு, நீ சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன் என்றேன். அவன் கெஞ்சினான். பிறகு கத்தினான். நீ ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசு, ராத்திரி பகல் அந்த முனகலைக் கேட்கிறவன் நான் என்றான். அது உண்மைதான், ஆனால் உண்மை பேசுகிற நாளா அது, நானும் கத்தினேன். உன் பொய்யை அம்மா எப்படி நம்புவாள், அதே பட்டை, அதே மாத்திரை, அதே பொய், நைனாவுக்குத் தன் கையால் உரித்துக் கொடுத்தவளடா அவள் என்றேன்.

ஃபோனோடு அவன் கேட்டுக்கு வெளியே போகிற சத்தம் கேட்டது.

"நைனா பண்ண மாதிரியே பண்ணுது அக்கா" என்றான்.

நைனா என்ன பண்ணார் என்று கேட்டேன். அவன் விட்டு விட்டுச் சொன்னான். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவன் அப்படித்தான் சொல்வான். லத்தி அடி வாங்கி நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு நைனா விழித்துக்கொண்டிருந்தார். கால் வீங்கியிருப்பதைப் பார்த்து என்னடா என்று கேட்டார். உனக்கு மாத்திரை வாங்கப் போனேன் என்று இவன் சொல்லிவிட்டான்.

"'சத்து மாத்திரைக்காடா அடி வாங்கினு வந்த? எனக்கோசரம் எவனும் அலைய வாணாம்டா'ன்னு சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல அக்கா. இன்னா சொல்றது? அது சத்து மாத்திர இல்லன்னா சொல்ல முடியும்?"

நைனாவை அடக்கத்துக்கு உடுத்தும்போது சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு கனத்ததாம். ரிசார்ட்டில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன கறுப்புக் கூடு அது. நைனா அதை யாரையும் தொட விட மாட்டார். திறந்து பார்த்தால் கண்ணாடிக்கு அடியில் மாத்திரைகள். அம்மா ஒவ்வொரு வேளையும் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்புகிற நேரத்தில் அவர் கூட்டில் போட்டுக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார். மிச்சம் பிடித்தால் பிள்ளை மறுபடி தடுப்பைத் தாண்டிப் போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார். வெறும் சத்துதானே, வலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வலி தேய்மானத்தால் வருகிறது, தாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

இவன் வலி கூடிவிட்டது என்று சிஸ்டருக்குச் சொல்ல, அவர் அளவைக் கூட்ட, கூட்டினதெல்லாம் கண்ணாடிக் கூட்டுக்குள் போயிருக்கிறது. வண்டி வந்திருந்தால் சிஸ்டர் நேரில் ஒரு பார்வையில் பிடித்திருப்பார். ஃபோனுக்கு நாக்கைத் தூக்கிப் பார்க்கத் தெரியாது. டேவிட் அந்த மாத்திரைகளைச் சவுக்குத் தோப்பில் குழி தோண்டிப் புதைத்துவிட்டான். அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

என் வெறுப்பு வரிசையில் இருந்த யாரையும் நான் விடுதலை பண்ணவில்லை. லத்தி லத்திதான், பாஸ் பாஸ்தான். ஆனால் மாத்திரை போய்ச் சேர்ந்திருக்கிறது. நைனாவின் உள்ளங்கை வரைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்து வாய்க்குப் போக ஒரே ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அந்த வார்த்தையைக் கேட்டுக்கு வெளியே வைத்துப் பூட்டினவர்கள் நாங்கள்தான். என் தம்பி, என் அம்மா, என் மாமா, ஜெபம் பண்ண வந்த அந்தப் பாஸ்டர், எல்லோரையும் அன்றைக்கு மனசார வெறுத்தேன். அன்பினால் செய்தார்களாம். அன்பை வைத்து நெஞ்சில் மிதித்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

7

அடுத்த நாள் நான் அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் மத்தியானம். டேவிட் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான். அம்மா பாதியாகியிருந்தாள். காலை மடக்கி வயிற்றை அழுத்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். டியூட்டி இல்லியா என்று கேட்டாள். இல்லை என்றேன். மாத்திரையை ஏன் போடுவதில்லை என்று கேட்டேன்.

டேவிட்டை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்.

"அது இன்னா மாத்திரன்னு எனக்குத் தெரியாதா? உங்க நைனாவுக்கு என் கையால குடுத்தது. வேளா வேளைக்குக் குடுத்தேன். இன்னா கேட்டுச்சி? தெரு முச்சூடும் கேக்குற மாரி கத்திக்கினேதான பூட்டாரு. வலியும் நிக்கல, ஆளும் நிக்கல. அந்த மாத்திர எனக்கு வாணாம். இப்டியே போறேன், உடு."

பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அவள் பார்த்ததிலிருந்து அவள் எடுத்த முடிவு அது. அவள் பார்த்தது பாதிதான், மீதியை டேவிட் மறைத்திருந்தான். இனி நான் வாயைத் திறந்தால், ஒவ்வொரு வேளையும் தன் கையிலிருந்து போனது எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கத்தல் எதுவும் தேவையில்லாதது என்று தெரிந்துவிடும். மிச்சம் இருக்கிற நாட்களில் அதைச் சுமக்க வேண்டும். திறக்காவிட்டால் அவளும் அப்படியே கத்துவாள். டேவிட் கேமராவுக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். எழுந்து நடந்து போய்ப் பேச எனக்கு இங்கே கேட்டு இல்லை.

"அம்மா, நைனா அந்த மாத்திரய முழுங்கவே இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடியை, சத்து மாத்திரை என்று அவர் நம்பினதை, தண்ணீரை மட்டும் குடித்ததை. அது வலியை நிறுத்துகிற மாத்திரைதான், நைனா போட்டிருந்தால் நிறுத்தியிருக்கும், முதலில் நிறுத்தினதை நீயே பார்த்தாய், வாசலில் உட்கார்ந்து காருக்கெல்லாம் பேர் சொன்னாரே என்றேன். உனக்கு அல்சர் இல்லை என்றும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் நிதானமாகத் தமிழ் பேசினது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

டேவிட் ஃபோனைப் பிடுங்க வந்தான். அம்மா கையால் தள்ளினாள். ஃபோன் சரிந்தது. திரையில் மேல் கூரையும் சுற்றுகிற ஃபேனும் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் கடல் சத்தமும் டேவிட் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டன.

"எங்க வெச்சிருந்தாரு?" என்று அம்மாவின் குரல் வந்தது.

கண்ணாடிக் கூட்டில் என்றேன்.

"அத்த நான் தொட மாட்டேன்னு அந்தாளுக்குத் தெரியும்." பிறகு நைனாவைத் திட்ட ஆரம்பித்தாள். பாவி மனுஷன், சண்டாளன், வாயைத் திறந்து கேட்டானா என்று, அவர் உயிரோடு இருந்தபோது எப்படித் திட்டுவாளோ அப்படியே. திட்டிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள். "சத்துக்குன்னு சொன்னது நானு" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், அதுவும் ஒரு பொய்யாக இருந்திருக்கும். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, ஃபேன்தான் தெரிந்தது.

வலி வந்து மூச்சை இழுத்துப் பிடித்தாள். அது அடங்கினதும் குரல் வேறாக இருந்தது.

"டேவிட்டு, அத்த எடுத்தா. தண்ணி எடுத்தா. சத்துன்ன, அல்சருன்ன, பல்ல ஒடச்சிருவேன்."

ஃபோனை அவளே எடுத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. டேவிட் பட்டையை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னையும் அறியாமல், டியூட்டியில் சொல்வதை அப்படியே சொல்லிவிட்டேன், வாயைத் திறந்து காட்டு என்று.

"இன்னாடி, என்ன நம்ப மாட்டியா?" என்றாள்.

மாட்டேன் என்றேன்.

ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, வாயை அகலத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினாள்.